கோழி எருவில் வெல்லம்: நெடியாகப் பறக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைப்பது எப்படி?

முட்டைக்கோழிப் பண்ணையிலிருந்து எரு லோடு இறங்கிய அன்று வீட்டில் யாரும் திண்ணைப் பக்கம் வரமாட்டார்கள். கண்ணைக் கரிக்கும், மூக்கை அடைக்கும். நாலு நாளில் அந்த நெடி குறைந்ததும் "எரு ஆறிப்போச்சு, இனிமேல் போடலாம்" என்போம். உண்மையில் ஆறியது எரு மட்டுமல்ல. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விட்டது. அந்த நெடிதான் தழைச்சத்து.

வெல்லக் கரைசல் தெளித்தால் நெடி அடங்கும் என்று பலரும் செய்கிறார்கள், அடங்கவும் செய்கிறது. ஏன் என்று கேட்டால் ஒருவர் நுண்ணுயிர் என்பார், இன்னொருவர் சர்க்கரையும் அம்மோனியாவும் வேதிவினை புரிந்து மட்காக மாறுகின்றன என்பார். இரண்டுமே நடக்கின்றன. ஆனால் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில் அல்ல. எது எப்போது என்று தெரிந்தால்தான் வெல்லத்தை எந்த நாளில், எவ்வளவு ஊற்றுவது என்று முடிவு செய்ய முடியும். முதலில் கொஞ்சம் வேதியியல், பிறகு ஒரு சின்னச் சோதனை, அதன் பிறகு குவியல்.

நெடி எங்கிருந்து வருகிறது

மாட்டைப் போலக் கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளைப் பூச்சாகத் தெரிவதே யூரிக் அமிலம். ஈரத்தில் பாக்டீரியாக்கள் அதை யூரியாவாக்குகின்றன. யூரியேஸ் என்ற நொதி அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. கோமியத்திலும் இதே கதைதான், அங்கே நேரடியாக யூரியாவில் தொடங்குகிறது. அதனால்தான் புதுக் கோமியத்தைவிட மூன்று நாள் வைத்த கோமியம் அதிகம் நெடியடிக்கிறது.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் கொண்ட அம்மோனியம், அது பறக்காது. மற்றது கட்டற்ற அம்மோனியா, அது பறக்கும். எந்த வேடம் எவ்வளவு என்பதைக் கார அமில அளவும் (பிஎச்) சூடும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் பறக்கும் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8-ல் ஏறத்தாழ 5 சதவீதம், பிஎச் 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இனி சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். குவியல் 55 டிகிரிக்குப் போனால் பிஎச் 8-லேயே கால் பங்குக்கு மேல் பறக்கும் வேடத்துக்கு வந்துவிடும்.

இதைக் கேட்ட பிறகும் கோழி எருவில் சாம்பலோ சுண்ணாம்போ கலப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இரண்டும் பிஎச்சை ஏற்றிவிடும். தழைச்சத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு வழியனுப்பும் வேலை அது.

சர்க்கரை உள்ளே வரும்போது

1912-ல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பு நிறப் பொருள் உண்டாவதைப் பதிவு செய்தார். தோசை முறுகுவதும் பால்கோவா சிவப்பதும் இந்த வினையால்தான். அமினோ அமிலத்துக்குப் பதில் அம்மோனியா இருந்தாலும் இதே பாதைதான். சோயா சாஸ் போன்றவற்றில் நிறத்துக்காகச் சேர்க்கும் 150சி என்ற காரமெல் நிறமி, சர்க்கரையை அம்மோனியச் சேர்மங்களோடு சூடாக்கித் தயாரிப்பதே.

நடப்பது இதுதான். குளுக்கோஸ் வளையம் அவ்வப்போது திறந்து நேர்கோடாகும்போது அதன் முனையில் ஆல்டிஹைடு என்ற கொக்கி வெளியே தெரியும். கட்டற்ற அம்மோனியா அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று விழும். இப்படி உண்டாகும் கிளைக்கோசிலமைன் இன்னும் உறுதியானதல்ல, திரும்பவும் பிரிந்துவிடலாம். அடுத்து அதன் உள்ளேயே அணுக்கள் இடம் மாறி உறுதியான சேர்மமாகும். இதற்கு அமடோரி மறுசீரமைப்பு என்று பெயர். ஃபிரக்டோஸிலிருந்து தொடங்கினால் ஹெய்ன்ஸ் மறுசீரமைப்பு. அதன் பிறகு அந்தச் சேர்மம் தண்ணீரை இழந்து, துண்டு துண்டாகி, துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மெலனாய்டின் என்ற பழுப்புப் பெருமூலக்கூறாக மாறும். தழைச்சத்து அந்தப் பின்னலுக்குள் மாட்டிக்கொள்ளும். வழியில் சில அமிலங்களும் உண்டாவதால் பிஎச்சும் இறங்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்க்கரையின் கொக்கியில் மாட்டக்கூடியது கட்டற்ற அம்மோனியா மட்டுமே, அம்மோனியத்தால் அது முடியாது. அதாவது எது பறந்துபோகத் தயாராக நிற்கிறதோ அதுதான் சர்க்கரையோடு சேரவும் தகுதியானது. ஆக, ஒரே அம்மோனியாவுக்கு மூன்று பேர் போட்டி: காற்று, சர்க்கரை, நுண்ணுயிர்.

சாதாரணச் சூட்டில், கோமியமும் வெல்லமும் கரைத்து வைத்த 30 டிகிரி டிரம்மில், வேதிவினை நத்தை வேகம். நுண்ணுயிருக்கோ சர்க்கரை கல்யாண விருந்து. ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும். தின்னும்போது தன் உடம்பைக் கட்ட அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும், கூடவே கரிம அமிலங்களை வெளியே விட்டுப் பிஎச்சையும் இறக்கும். அதனால் டிரம்மில் நெடி அடங்கினால் பெருமையெல்லாம் நுண்ணுயிருக்கே. வேதிவினை மதிக்கத்தக்க வேகம் எடுப்பது குவியல் 55, 60 டிகிரியைத் தொட்ட பிறகுதான். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மூன்று மடங்கு வேகம் கூடும் என்று பொதுவாகச் சொல்லலாம். தண்ணீர் மிதமாக இருப்பதும் அவசியம். பல படிகளில் தண்ணீர் கழன்று வெளியேற வேண்டிய வினை, நீச்சல் குளத்துக்குள் சுறுசுறுப்பாக நடக்காது.

எல்லாச் சர்க்கரையும் ஒன்றல்ல

வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தத்தம் கொக்கியாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சுக்ரோஸ். வெளியே கொக்கி இல்லாததால் அம்மோனியாவுக்குப் பிடிமானம் கிடையாது. முதலில் அதை உடைக்க வேண்டும். ஜாமூன் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுவார்களே, அதுவும் இந்த உடைப்புதான். அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸை இரண்டாக்கிவிடும். ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் நொதி அதே வேலையைச் சூடில்லாமலே செய்யும்.

வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்றாலும், காய்ச்சும்போதே உடைந்த சர்க்கரை ஓரளவு இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசிந்து கறுத்துப்போன வெல்லத்தில் அது இன்னும் அதிகம். மளிகைக் கடையில் யாரும் தொடாத அந்தக் கழிவு வெல்லம்தான் நமக்கு வேண்டியது, விலையும் குறைவு. பளபளவென மஞ்சளாக இருக்கும் வெல்லத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததற்காக நாம் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகான மொலாசஸ் இன்னும் பொருத்தமானது. ஆனால் சாராயத்துக்குப் பயன்படும் பொருள் என்பதால் அதற்கு அரசுக் கட்டுப்பாடு உண்டு, நினைத்த மாதிரி வாங்கி வந்து வைத்துக்கொள்ள முடியாது.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

நம்பிக்கை இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நான் செய்த பிறகுதான் எனக்கே தெளிவு வந்தது.

1. மூன்று நாள் மூடி வைத்த கோமியத்தைத் துணியில் வடிகட்டி, நாலு கண்ணாடி பாட்டில்களில் 100 மில்லி வீதம் ஊற்றுங்கள்.
2. முதல் பாட்டிலில் எதுவும் போட வேண்டாம். இரண்டாவதில் வெள்ளைச் சர்க்கரை, மூன்றாவதில் வெல்லம், நான்காவதில் மருந்துக் கடை குளுக்கோஸ் தூள், ஒவ்வொன்றும் 10 கிராம்.
3. பாட்டில்களை மூடாமல், வாயைத் துணியால் மட்டும் கட்டி, அகலப் பாத்திரத்து வெந்நீரில் நிறுத்துங்கள். கை வைக்க முடியாத, ஆனால் கொதிக்காத சூடு போதும், 65 டிகிரிக்கு ஏறினால் நல்லது. மூன்று நான்கு மணி நேரம் சூடு ஆறாமல் பாருங்கள்.
4. இதை வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். சமையலறையில் செய்தால் அடுத்த வேளைச் சாப்பாடு ஹோட்டலில்தான்.

குளுக்கோஸ் பாட்டில் நன்றாகக் கறுத்துப்போகும். சர்க்கரை பாட்டில் வெறும் கோமியத்திலிருந்து பெரிதாக மாறாது. வெல்லத்தின் நிறம் ஏற்கனவே பழுப்பு என்பதால், தொடக்கத்திலேயே ஒரு கரண்டி எடுத்து ஆற வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். பிஎச் தாள் இருந்தால் கடைசியில் தொட்டுப் பாருங்கள், குளுக்கோஸ் பாட்டிலில் இறங்கியிருக்கும். பார்த்து முடித்ததும் நாலையும் குவியலில் ஊற்றிவிடலாம்.

குவியல்

ஒரு கன மீட்டருக்குக் குறைவான குவியல் சூடேறாது, ஏறினாலும் நிற்காது. அதனால் இந்த அளவுக்குக் குறைக்காதீர்கள்:

- கூண்டுக் கோழி எரு, ஈரமாக, 200 கிலோ
- நறுக்கிய வைக்கோல் 150 கிலோ
- கழிவு வெல்லம் 10 கிலோ
- ஜிப்சம் 6 கிலோ
- தண்ணீர் சுமார் 90 லிட்டர்
- பழைய மட்கு ஒரு கூடை

இந்த அளவு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள உதவும். ஈர எருவில் முக்கால் பங்கு தண்ணீர் என்று வைத்தால் காய்ந்த பொருள் 50 கிலோ. அதில் தழைச்சத்து ஏறத்தாழ 2.2 கிலோ, கார்பன் 18 கிலோ. கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் விகிதம் 8-க்கு 1. இவ்வளவு குறைந்த விகிதத்தில் நுண்ணுயிர் தனக்குத் தேவையானது போக மீதியை அம்மோனியாவாக வெளியே தள்ளும். விகிதம் 25-ஐத் தொட்டால்தான் தழைச்சத்து உள்ளேயே நிற்கும். வைக்கோலில் கார்பன் 40 சதவீதம், தழைச்சத்து 0.6 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 150 கிலோ வருகிறது. கரும்புச் சோகையிலும் தென்னை நார்க்கழிவிலும் தழைச்சத்து இன்னும் குறைவு, அதனால் கொஞ்சம் குறைவாகவே போதும். ஆனால் நார்க்கழிவு தனியாகப் போட்டால் குவியல் மூச்சு விடாது. உமி பரப்பிய தரைக் கொட்டகை எரு என்றால் அதிலேயே கார்பன் கலந்திருக்கும், வைக்கோலைப் பாதியாக்கலாம்.

இப்போது வெல்லத்தின் பங்கைப் பார்ப்போம். 10 கிலோ வெல்லத்தில் கார்பன் 4 கிலோ. நுண்ணுயிர் அதில் ஐந்தில் இரண்டு பங்கை உடம்பாக்கி மீதியை மூச்சாக விட்டுவிடும் என்று கொண்டால் 1.6 கிலோ. நுண்ணுயிர் உடம்பில் எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து. ஆக, வெல்லம் பிடித்து வைப்பது 200 கிராம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. வெல்லம் ஊற்றினால் போதும், வைக்கோல் வேண்டாம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். வைக்கோல் மெதுவாக மட்கும், அது நீண்ட நாள் காவல்காரன். வெல்லம் முதல் சில நாட்களுக்கான அவசரப் படை. அவசரம் எப்போது வருகிறதோ அப்போது ஊற்ற வேண்டும் என்பதால்தான் பத்துக் கிலோவையும் ஒரே நாளில் கரைக்கக் கூடாது.

முதல் நாள்: மேடான, நிழலான இடத்தில் ஒரு சாண் உயரம் வெறும் வைக்கோல் பரப்புங்கள். 4 கிலோ வெல்லத்தை 80 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். வைக்கோல், எரு, கரைசல், கொஞ்சம் பழைய மட்கு, ஜிப்சம் தூவல் என்று மாறி மாறி மார்பளவு உயரத்துக்கு அடுக்குங்கள். எருவைக் கட்டியாகப் போடாமல் உதிர்த்துப் போடுங்கள். கட்டிக்குள் காற்று போகாமல் அழுகல் நாற்றம் வந்தால் அது வேறு பிரச்சினை. ஜிப்சம் எதற்கென்றால், அம்மோனியம் கார்பனேட்டோடு சேர்ந்து அதை அம்மோனியம் சல்பேட்டாக மாற்றிவிடும். சல்பேட் பறக்காது. மேலே ஒரு சாண் வைக்கோல் போர்வை போட்டு மூடுங்கள்.

ஈரம் பார்க்கக் கை நிறைய எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு தெரிந்தால் சரி. ஒழுகினால் இன்னும் வைக்கோல் வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாள்: சர்க்கரை இருப்பதால் குவியல் சீக்கிரமே சூடேறும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொடுங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் 55-ஐத் தாண்டிவிட்டது. 70-ஐத் தாண்ட விடாதீர்கள், நல்ல நுண்ணுயிரும் செத்துப்போகும். அப்படி ஏறினால் நாள் பார்க்காமல் கிளறிவிடுங்கள்.

ஐந்தாம் நாள்: முதல் கிளறல். போர்வையை விலக்கியதும் நெடி குபீரென்று வரும். வாயில் துணி கட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கம் நில்லுங்கள். தழைச்சத்து அதிகம் தப்புகிற நேரம் இதுதான். 3 கிலோ வெல்லத்தை 5 லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஒரு பெரிய எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் மெல்லிய தீயில் வைத்து ஆற்றிய கரைசலைக் கிளறக் கிளறத் தெளியுங்கள். சுக்ரோஸில் ஒரு பகுதி உடைந்து கொக்கி வெளியே வந்திருக்கும். குவியலும் சூடாக இருக்கிறது, பிஎச்சும் ஏறியிருக்கிறது, தண்ணீரும் மிதம். மயார் வினைக்கு இதைவிட நல்ல சமயம் குவியலின் வாழ்நாளில் வராது. நுண்ணுயிருக்கும் பங்கு போகும், போகட்டும். புறத்தில் இருந்ததை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் மாற்றி அடுக்குங்கள்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி கிளறி, மீதி 3 கிலோவை அதே போலத் தெளியுங்கள். நெடி இல்லை என்றால் ஊற்ற வேண்டாம், வெல்லத்தை மிச்சம் பிடியுங்கள். அதன் பிறகு பத்து நாளுக்கு ஒரு கிளறல், ஈரம் குறைந்தால் வெறும் தண்ணீர். இரண்டு மூன்று மாதத்தில் வைக்கோல் அடையாளம் தெரியாமல் கருகருவென உதிரும்.

கருமை என்றால் மட்கா?

மண்ணின் கருமைக்கும் சர்க்கரை–அமினோ வினையே காரணமாக இருக்கலாம் என்று மயாரே கருதினார். பிறகு வந்த மண் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன், லிக்னினும் (செடியின் மரத்தன்மைக்குக் காரணமான பொருள்) புரதமும் சேர்ந்துதான் மட்கு என்றார். 2015-ல் லேமன், கிளேபர் என்ற இரு மண்ணியலாளர்கள், பெரிய கறுப்பு மூலக்கூறுகள் மண்ணில் திரண்டு உருவாகின்றன என்ற எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். மண்ணின் கரிமப் பொருள் என்பது படிப்படியாகச் சிதைந்துவரும் துண்டுகளின் தொடர், அவை களிமண்ணில் ஒட்டிக்கொள்வதால்தான் நிலைக்கின்றன என்பது அவர்கள் வாதம். மாங்கனீசு ஆக்சைடு போன்ற கனிமங்கள் சர்க்கரை–அமினோ வினையைத் தூண்டுவதையும் ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். என் பார்வையில், குவியலின் கருமையில் மெலனாய்டினுக்கும் பங்கு உண்டு, ஆனால் நிறத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. சாராய ஆலைக் கழிவுநீரும் மெலனாய்டினால் கறுத்ததுதான். அதற்காக அதை மட்கு என்று சொல்லிவிட முடியாது. சில ஆலைகள் அதைக் கரும்பாலை பிரஸ்மட்டோடு (கரும்புச் சாற்றை வடிகட்டியதும் மிஞ்சும் மண்டி) சேர்த்து மட்க வைத்து உரமாக்குகின்றன.

தரம் பார்க்க வேறு வழி உண்டு. ஒரு பிடி உரத்தை ஈரப்படுத்திப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். நெடியோ புளிப்போ வந்தால் இன்னும் வேலை பாக்கி. அடுத்து, ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டி, அதில் நனைத்த துணியில் இருபது பச்சைப்பயறும், வெறும் தண்ணீர்த் துணியில் இருபதும் முளைகட்டுங்கள். வெறும் தண்ணீரில் முளைத்ததில் ஐந்தில் நான்கு பங்காவது உரத் தண்ணீரிலும் முளைத்து, வேரும் கருகாமல் இருந்தால் வயலுக்குப் போகலாம். ஏக்கருக்கு 1 முதல் 2 டன், கடைசி உழவில்.

ஜீவாமிர்தம் போடுபவர்களுக்கு

200 லிட்டர் டிரம்மில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். இதில் நடப்பது முழுக்க நுண்ணுயிர் வேலை. சூடும் இல்லை, தண்ணீரும் அளவுக்கு மேல். அந்த 2 கிலோ வெல்லம் 40 கிராம் தழைச்சத்தைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். ஜீவாமிர்தத்தைக் குறை சொல்லவில்லை, நானும் விடுகிறேன். ஆனால் நெல்லுக்குக் கிலோக் கணக்கில் தேவைப்படும் தழைச்சத்தை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. நெடி தூக்கினால் வெல்லம் குறைவு அல்லது கோமியம் அதிகம் என்று பொருள். சாராய வாடை வந்தால் கலக்கிவிடுவதில் சோம்பல்.

செய்யக் கூடாதவை

நெடி அடிக்கிறதே என்று ப்ளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். யூரியாவையும் வெல்லத்தையும் சேர்த்து மூடிய பாத்திரத்தில் காய்ச்சிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், அழுத்தம் ஏறி வெடிக்கும்.

வெல்லக் கரைசலை விதைப்புக்கு முன் நேரடியாக மண்ணில் அதிகம் ஊற்றினால், நுண்ணுயிர் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கிவிடும். வெளிநாடுகளில் இயற்கைப் புல்வெளிகளை மீட்பவர்கள் களையை அடக்க வேண்டுமென்றே சர்க்கரை தூவுவது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. எலுமிச்சை விட்டுக் காய்ச்சிய கரைசல் இனிப்பாக இருக்கும், மாடு மோப்பம் பிடித்து வரும். வெறும் வெல்லக் கரைசலைக் கொஞ்சம் குடித்தால் பெரிய கேடில்லை. ஆனால் கோமியம் சேர்த்துச் சூடாக்கிய சோதனை பாட்டிலையோ, அம்மோனியா ஏறிய எந்த இனிப்புக் கலவையையோ மாட்டுக்கு எட்ட வைக்காதீர்கள். சர்க்கரை உடைந்த துண்டுகளும் அம்மோனியாவும் சேர்ந்து 4-மெத்தில் இமிடசோல் என்ற சேர்மத்தை உண்டாக்கும். அம்மோனியா ஏற்றிய மொலாசஸைத் தீவனமாகப் போட்ட நாடுகளில், மாடுகள் வெறி பிடித்தாற்போல் தறிகெட்டு ஓடி வேலியில் மோதிய அனுபவம் உண்டு. பால் வழியாகக் கன்றுக்கும் அது போகும். டிரம்முக்கு மூடி போட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்துவிடுங்கள்.